லாச்சிக்குள் இருந்த கடதாசி

1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் அப்பா ஒரு தையல் மெஷின் கொண்டுவந்தார். பெற்றோல் கிடைக்காத காலம். சைக்கிள் கரியரில் கட்டி இரண்டு நடையாகக் கொண்டுவந்தார். முதல் நடையில் மெஷினின் தலை, அடுத்ததில் இரும்புக் கால். மின்சாரமும் இல்லாத யாழ்ப்பாணத்தில் காலால் மிதிக்கிற சிங்கர் மெஷின் பெரிய சொத்து. என் பள்ளிக்கூடச் சேட்டுகளை அம்மா அதில்தான் தைத்தார். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுத்தார்.

இடப்பக்க லாச்சியின் உட்புறத்தில் ஒரு சிறிய கடதாசி ஒட்டியிருந்தது. அரபு எழுத்து. ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. அம்மா அதைக் கிழிக்கவில்லை. நூல்கட்டைகளை அதன்மேல் படாமல் தள்ளித்தான் வைப்பார்.

“ஆற்றை மெஷின் அம்மா இது?” என்று கேட்டேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

“சோனகதெருப் பக்கத்துச் சாமான். நாங்கள் வாங்காட்டி வேற ஆரும் வாங்கியிருப்பினம்.”

குரலில் கோபம் இல்லை. ஆனாலும் இதை இனிக் கேட்கக்கூடாது என்று விளங்கியது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, சோனகதெரு உள்ளிட்ட யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் தெருக்களில் ஒலிபெருக்கி வாகனங்கள் திரிந்தன. ஒஸ்மானியாக் கல்லூரியடியில் கூடும்படி சனங்களை அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். பணத்தையும் நகையையும் வழியிலேயே வாங்கிக்கொண்டார்கள். அந்த நாட்களில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். பலர் அங்கேயே கிழவராகி அங்கேயே அடக்கமானார்கள். அவர்கள் வீட்டில் பேசியதும் தமிழ்தான். வெளியேறச் சொன்ன கட்டளை வந்ததும் தமிழில்தான்.

எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவரும் போய் ஏனென்று கேட்கவில்லை. பயம் இருந்தது, அது பொய்யில்லை. எந்தத் தரப்புத் துவக்குக்கும் அஞ்சாமல் எழுதிய மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திரணகம, 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்துத் தெருவிலேயே சுட்டுக்கொல்லப்பட்டு ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. வாய் திறக்காதவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மெஷினை வாங்கச் சொன்னது பயம் இல்லை. அது மலிவாக வந்தது, நாங்கள் வாங்கினோம்.

2021 பெப்ரவரி 7 அன்று நான் பொலிகண்டியில் நின்றேன். நான்கு நாட்களுக்கு முன் பொத்துவிலில் தொடங்கிய நடைபயணம் அன்று அங்கே வந்து முடிந்தது. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் என்ற எங்கள் கோரிக்கைகளோடு, கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிக்காதே என்ற கோரிக்கையும் வந்தது. பிறந்து இருபதே நாளான பிள்ளையைக்கூடப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக அதிகாரிகள் எரித்திருந்தார்கள். கிழக்கில் முஸ்லிம்கள் எங்கள் பதாகைகளின் கீழ் எங்களோடு நடந்து வந்திருந்தார்கள். கோஷம் போடக் கையை உயர்த்தினேன். சட்டென்று அந்த லாச்சி நினைவுக்கு வந்தது. கை தானாக இறங்கியது.

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போன கட்டடம் அது. தெற்கிலிருந்து சுற்றுலா வந்த ஒரு சிங்கள முதியவர் படியில் என் பக்கத்தில் வந்து நின்றார். கட்டடத்தைக் காட்டி, “சமாவென்ன” என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவர் தீ வைத்தவர் இல்லை. தான் செய்யவில்லை என்றோ, நீங்களும் செய்தீர்கள்தானே என்றோ அவர் சொல்லவில்லை. நான் அவரை என் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தோம். நாற்பது வருடக் கூட்டங்களும் அறிக்கைகளும் தராத ஆறுதல் அந்த ஒரு சொல்லில் எனக்குக் கிடைத்தது.

அந்தச் சொல்லை நான் எந்த முஸ்லிமிடம் சொன்னேன்? 2002இல் கிளிநொச்சியில் நடந்த ஊடகச் சந்திப்பில் விடுதலைப் புலிகள் சார்பில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். அது இயக்கம் சொன்னது. அயலவன் சொல்லவேண்டியது அப்படியே கிடக்கிறது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களைத்தான் கண்டார்கள். கழற்றிய நிலைகளும் ஓடுகளும் கடலைத் தாண்டிப் போகவில்லை. இந்தக் குடாநாட்டுக்குள்தான் எங்கேயோ இருக்கின்றன.

எங்களுக்கு நடந்த அநியாயம் இதனால் ஒரு துளியும் குறையாது. மகன் எங்கே என்று தெருவோரத்தில் இருந்து கேட்கும் தாயின் கேள்விக்கு அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தத் தாயின் பக்கத்தில் போய் இருக்கும்போது என் வீட்டு மெஷினை ஒளித்து வைத்துவிட்டுப் போகக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அம்மா இப்போது இல்லை. மெஷின் விறாந்தையில் இருக்கிறது; கடதாசியும் இருக்கிறது. உரியவரைக் கண்டுபிடிக்கச் சோனகதெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 1991இல் மலிவாகச் சாமான் வாங்கிய வீடு எங்களுடையது மட்டும் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அலுமாரியோ கதவு நிலையோ இருந்தால், அது யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்த ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து ஐந்து சந்திப் பக்கம் வாருங்கள். முஸ்லிம்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.