குடும்பத்தைச் சிங்கப்பூருக்கு அழைத்து வருவோர் சிந்தனைக்கு

  

மனைவி மக்களை ஊரிலே விட்டுவிட்டு, கடல் கடந்து வந்து பொருளீட்டுவது நம்மவர்க்குப் புதிதன்று. அப்படிப் போனவரைச் 'சபராளி' என்று அழைப்பது நம் ஊர்களின் வழக்கம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் எழுந்த ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசலும், தெலுக் ஆயரில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்காக் கட்டடமும் அந்தச் சபராளிகளின் உழைப்பால் நின்றவை. அவர்களிலே பெரும்பாலோர் கிட்டங்கிகளிலும் கடைமாடிகளிலும் பாய் விரித்துப் படுத்து, இரண்டாண்டுக்கோ மூன்றாண்டுக்கோ ஒருமுறை ஊர் போய் வந்தவர்கள். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வரும். அந்தப் பிள்ளை தகப்பனைப் பார்க்கும்போது ஓடியாடும் வயதாகியிருக்கும்.

கடையநல்லூர், தென்காசிச் சகோதரர்கள் இதிலே வேறு வழி கண்டார்கள். குடும்பத்தையும் கையோடு அழைத்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்திலே குடியிருந்தார்கள். குடும்பம் வந்தால் பிள்ளைகள் வரும். பிள்ளைகள் வந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை அவர்கள் நிறுவியது இதனால்தான். தனியாக வந்தவர்கள் பள்ளிவாசல் கட்டினார்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் பள்ளிக்கூடமும் கட்டினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

நிற்க. இப்போது ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஹஜ்ரத், குடும்பத்தை அழைத்து வரலாமா? இந்த ஊர் விலைவாசியிலே தாங்குமா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. மார்க்கம் என்ன சொல்லுகிறது, ஊர்ச் சட்டம் என்ன சொல்லுகிறது, கைப்பை என்ன சொல்லுகிறது என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

முதலில் ஹிஜ்ரத்தைப் பாருங்கள். நம் பெருமானார் (ஸல்) அவர்கள் கி.பி. 622இல் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லவில்லை. அபூபக்கர் (ரலி) அவர்களோடு முதலில் தாம் போனார்கள். மதீனாவிலே அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வீட்டிலே ஏறக்குறைய ஏழு மாதம் தங்கினார்கள். பள்ளிவாசலும் அதை ஒட்டிய சிறு அறைகளும் எழும்பிய அக்காலத்திலேதான் ஸைது (ரலி), அபூ ராஃபிஉ (ரலி) ஆகிய இருவரிடமும் இரண்டு ஒட்டகங்களையும் 500 திர்ஹத்தையும் கொடுத்து, குடும்பத்தாரை அழைத்து வர அனுப்பினார்கள். முதலில் ஆள், அடுத்து இடம், அதன் பின் குடும்பம். வழிச்செலவுப் பணம்கூட எண்ணிக் கொடுக்கப்பட்டது. தவக்குல் என்பது கணக்குப் பாராமல் குதிப்பது என்று எண்ணுவோர் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

பிரிவு எத்தகைய வேதனை என்பதையும் அதே ஹிஜ்ரத்திலே காண்கிறோம். உம்மு ஸலமா (ரலி) அவர்களைக் கணவரோடு போகவிடாமல் அவர்களின் குலத்தார் பிடித்துக்கொண்டனர். கைக்குழந்தையைக் கணவரின் குலத்தார் பிடுங்கிக்கொண்டனர். ஏறத்தாழ ஓர் ஆண்டு அந்த அம்மையார் நாள்தோறும் வெளியே வந்து உட்கார்ந்து அழுதார்கள். ஓர் ஆண்டுதான்! நம் ஊர்த் தெருக்களிலே பத்தாண்டு, பதினைந்தாண்டு என்று அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்? யாரும் பிடித்து வைக்காமலேயே நாமாக அல்லவா பிரிந்து இருக்கிறோம்.

ஆகையால் அழைத்து வர இயன்றவன் அழைத்து வருவதே நன்று என்பது என் கருத்து. இயன்றவன் என்ற சொல்லிலேதான் எல்லாம் இருக்கிறது.

வேலை அனுமதியில் இருப்பவர் மனைவி மக்களுக்குச் சார்ந்தோர் அனுமதி பெற, அவருடைய நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்த வாசலே இல்லை. இங்கேதான் ஷைத்தான் நுழைகிறான். "சம்பளத்தை 6,000 என்று எழுதிக் கொடுங்கள் முதலாளி, மிச்சத்தை மாதாமாதம் கையிலே திருப்பித் தந்துவிடுகிறேன்" என்று கேட்பவரும் உண்டு. நல்லது செய்வதாக நினைத்து எழுதிக் கொடுப்பவரும் உண்டு. சகோதரர்களே, அது பொய்ச் சாட்சி. அரசாங்கச் சட்டப்படி 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கக்கூடிய குற்றம். மனைவியையும் பிள்ளையையும் பொய்யின் மேல் குடிவைத்தால் அந்த வீட்டிலே பரக்கத் எப்படி இறங்கும்? கதவு தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடும் வாழ்வும் ஒரு வாழ்வா?

6,000 வெள்ளியை உண்மையாகவே பெறுகிறவருக்கும் அது பெருந்தொகை என்று தோன்றும். ஊர்க் காசாக மாற்றிப் பார்த்தால் இன்னும் பெரிதாகத் தோன்றும். மாற்றிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். இங்கே சம்பாதித்து இங்கே செலவழிப்பவனுக்கு ரூபாய்க் கணக்கு உதவாது. வாடகை வீட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன்னே முதல் மாத வாடகையும் முன்பணமும் வைத்தாக வேண்டும். ஓராண்டு ஒப்பந்தமானால் ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு. நான்காண்டுக்கு உட்பட்டதானால் மொத்த வாடகையில் நூற்றுக்கு 0.4. வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு எடுக்க முடியாது. 'மூன்றறை வீடு' என்று கேட்டு மூன்று படுக்கையறை என்று எண்ணி வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். இங்கே கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், படுக்கையறை இரண்டுதான். ஊரிலே முற்றமும் திண்ணையும் உள்ள வீட்டில் வளர்ந்த பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கணவனின் கடமை. வந்து பார்த்து வாடிப் போகும்படி விடலாகாது.

மருத்துவச் செலவும் அப்படியே. குடிமக்களுக்குள்ள அரசாங்கச் சலுகை வெளிநாட்டவருக்கு இல்லை. பிள்ளைப்பேறு ஒன்று வந்தால் முழுச் செலவும் நம்முடையதே. மனைவியும் வேலைக்குப் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க: சார்ந்தோர் அனுமதியில் வருபவர் வேலை செய்யத் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும் என்பது 2021 மே முதல் உள்ள விதி. கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ், கிடைக்குமென்று நம்பி வாடகை பேசாதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும்; சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குடிவரும் செலவுக்கு மனைவியின் நகையை ஊரிலே வங்கியில் அடகு வைப்பது. மஹராக வந்த பொருளும், அவளுடைய சொந்த நகையும் அவளுக்கே உரியவை. கணவனுக்கு அதிலே கை வைக்க உரிமையில்லை. அவள் மனமுவந்து தந்தால் அது கடன். எழுதி வைத்துத் திருப்ப வேண்டும். அவள் மனமுவந்து தந்தாலும் அடகுக்கு வட்டி இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்? சேர்ந்து வாழ்வது ஹலால். அதற்கு வட்டியை ஏணியாக்குவது ஹராம். இன்னும் ஓராண்டு பொறுத்துச் சேமித்து அழைத்து வந்தால் குறைந்து போவதொன்றுமில்லை. தக்கபடி செலவழிக்கச் சொல்லும் திருமறை, இயலாதவனை இயன்றதற்கு மேல் செய்யும்படி எங்கும் கட்டாயப்படுத்தவில்லை.

எங்கே குடியிருப்பது? கடைக்குப் பக்கத்திலே, தேக்காவுக்குப் பக்கத்திலே, ஊர்க்காரர் கூட்டத்துக்கு நடுவிலே என்று எல்லோரும் ஆசைப்படுகிறோம். அங்கேதான் வாடகை கழுத்தைப் பிடிக்கிறது. மதீனாவின் ஓரத்திலே பனூ ஸலிமா குலத்தார் இருந்தார்கள். பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர நினைத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். தூரத்திலிருந்து நடந்து வருவதற்கே கூலி! இந்த ஊரிலே நடக்கக் கூலியும் உண்டு, வசதியும் உண்டு. புளோக்குக்குக் கீழே கூரையிட்ட நடைபாதை. கொஞ்ச தூரத்தில் சந்தை, மருந்தகம், பிள்ளைகள் விளையாடும் இடம், பஸ் நிற்குமிடம். எம்ஆர்டி ஏறினால் ஊரின் மறுகோடி. கார் வாங்கவே வேண்டாம். கார் வாங்கும் உரிமைச் சீட்டு மட்டுமே 2023 அக்டோபரில் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊர் இது. எத்தனையோ பெரிய முதலாளிமார் பஸ்ஸில்தான் வருகிறார்கள். அதனால் யாருக்கும் மதிப்புக் குறையவில்லை. உட்லண்ட்ஸிலோ ஈசூனிலோ ஜூரோங்கிலோ குறைந்த வாடகையில் இருந்துகொண்டு, வாரம் ஒருமுறை தேக்கா சந்தைக்கு வந்து இறைச்சியும் மீனும் காய்கறியும் வாங்கிப் போகிற குடும்பம் கடனின்றி வாழ்கிறது. அதைப் பல வீடுகளிலே பார்க்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி. அரசாங்கப் பள்ளியிலே வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் உறுதியில்லை. முதலாம் வகுப்பிலே மற்றவர்க்குப் பிறகுதான் வாய்ப்பு. இடையிலே சேர்வதானால் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு எழுத வேண்டும். கட்டணமும் குடிமக்களை விடப் பல மடங்கு. ஆதலால் பிள்ளைக்கு ஊரிலேயே ஓராண்டு ஆங்கிலமும் கணக்கும் நன்றாகப் பயிற்றுவித்துவிட்டு அழைத்து வாருங்கள். டிக்கெட் எடுத்த பிறகு யோசிக்கிற காரியமன்று இது. இங்கே பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கலாம் என்பது நமக்குப் பெரும் பாக்கியம்.

வருகிறவர்களுக்கு உதவி செய்ய நாமும் அன்ஸாரிகளாக இருக்க வேண்டும் என்று பேசுவது எளிது. ஸஃது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதை ஏற்கவில்லை. து ஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி எது என்று கேட்டார்கள். நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தொடங்கினார்கள். சிறிது காலத்தில் ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் மஹர் கொடுத்து மணமும் முடித்தார்கள். வியாபாரிகளாகிய நாம் இரண்டு பேரையும் நினைக்க வேண்டும். புதிதாக வந்த குடும்பத்துக்குப் பாதிச் செல்வம் தர வேண்டாம், வழி சொல்லலாம். எந்தத் தரகர் நேர்மையானவர், எந்தக் கடையில் பழைய கட்டில் மலிவு, எந்தப் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு மதரஸா உண்டு என்று சொல்ல ஒரு காசும் செலவில்லை. நம் பெண்மக்கள் புதிதாக வந்த பெண்ணை ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிச் சந்தையைக் காட்டி வந்தால், அவள் அறைக்குள்ளே அடைந்து கிடந்து அழும் முதல் மாதம் பாதியாகக் குறையும்.

கடைசியாக, அழைத்து வரவே முடியாத நம் கடைப் பையன்களைப் பற்றி. உமர் (ரலி) அவர்கள் இரவிலே நகர்வலம் வரும்போது, போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் புலம்பக் கேட்டார்கள். ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். நான்கு மாதம் என்று ஓர் அறிவிப்பும், ஆறு மாதம் என்று இன்னோர் அறிவிப்பும் உண்டு. அதற்கு மேல் எந்தப் படைவீரனையும் வீட்டைப் பிரித்து நிறுத்தக்கூடாது என்று கட்டளையிட்டார்கள். போர்க்களத்துக்கே இந்த விதி என்றால் மளிகைக் கடைக்கும் உணவுக் கடைக்கும் என்ன விதி? முதலாளிமார்களே, உங்கள் குடும்பம் உங்களோடு இருக்கிறது. உங்கள் கடையில் தோசை ஊற்றுகிறவனின் குடும்பம் முத்துப்பேட்டையிலோ தேரிழந்தூரிலோ இருக்கிறது. "பெருநாள் நேரத்தில் ஆள் குறையும், அடுத்த வருஷம் போ" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஆகிவிடுகிறது. இந்த ஆண்டுக்கான விடுமுறை அட்டவணையை நோன்பு பிறக்குமுன் எழுதிச் சுவரிலே ஒட்டுங்கள். முதல் பெயர், நீண்ட நாள் ஊர் போகாதவன் பெயராக இருக்கட்டும். போகவர டிக்கெட்டில் பாதியைக் கடை ஏற்கட்டும்.

வஸ்ஸலாம்.