பசிக்குத் தகுதி பார்க்கலாமா?

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது முதியோர் வாக்கு. பசித்தவர்க்கு உணவளிக்கும்போதும் தகுதி நோக்க வேண்டுமா என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

தானத்தை நம் அறநூல்கள் வகைப்படுத்தியுள்ளன. துறவியர்க்கு அளிப்பது பாத்திர தானம்; நம் குமரி மாவட்டச் சிதறால் மலையில் தவமிருந்த முனிவர்க்கு ஊரார் அளித்த உணவு அத்தகையது. அங்கே பெறுவோரின் ஒழுக்கம் நோக்கப்படும். துன்புறும் உயிர்க்கு இரங்கி அளிப்பதோ கருணா தானம். அங்கே துன்பம் ஒன்றே தகுதி.

அரசின் உணவு உதவியைக் குறைக்க விழைவோர் இவ்விரண்டையும் மயக்குகின்றனர். 1997 ஜூனில் மத்திய அரசு, குடும்பங்களை வறுமைக் கோட்டிற்கு மேல், கீழ் எனப் பிரித்தது. நம் எல்லைக்கப்பால் கேரளம் அம்முறைக்கு மாறியது. தமிழகம் அனைவர்க்கும் பொதுவான விநியோகத்தையே காத்தது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டு மக்களுள் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர்க்கு உரிமை வழங்கியது. 2015 ஜனவரியில் சாந்தகுமார் குழு அதனை 40 விழுக்காடாகக் குறைக்கலாம் என்றது. எஞ்சுவோர்க்கு மாதம் 5 கிலோவிற்குப் பதில் 7 கிலோ தரலாம் என்றும் கூறியது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் அவ்வெண்ணம் மறையவில்லை.

"வசதியுள்ளோர்க்கும் அரிசி எதற்கு?" என்று நம்மவரே வினவுவதுண்டு. நியாயமான வினாவே. ஆனால் சலிக்கும் சல்லடையின் வழியே முதலில் நழுவுவோர் யாவர்? சான்றிதழுக்கு அலைய இயலாத முதியோரும், தம் வறுமையை வாய்விட்டுரைக்க நாணுவோருமே.

இதனை நாம் கற்றது நம் பிழையினாலேயே. 1970களில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றினோம். மதிய உணவு ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டுமே. "உணவு வேண்டுவோர் எழுந்து நில்லுங்கள்" என்று கூறிப் பெயர் எழுதினோம். ஒரு சிறுமி எழவில்லை. வீட்டில் உண்கிறாள் என்றெண்ணினோம். சில வாரங்களுக்குப் பின் வகுப்பில் அவள் மயங்கி விழுந்தபோதுதான், நண்பகல்தோறும் கிணற்றடியில் நீரருந்திவிட்டு வந்தமர்ந்தாள் என்றறிந்தோம். பட்டியல் நம் கையெழுத்தில் இருந்தது. அவள் பெயர் அதில் இல்லை.

2023 ஆகஸ்டு முதல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு வழங்கப்படுகிறது. எக்குழந்தையும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. செய்தியைப் படித்த அன்று அச்சிறுமியை நினைத்துக்கொண்டோம்.

அரிசி வேண்டாத குடும்பத்தார் தாமே சர்க்கரை அட்டைக்கு மாறலாம். அது மிகுபொருள் விரும்பாமை என்னும் நம் விரதத்தின் பாற்படும். தன் பங்கைத் துறப்பது அறம். பிறர் பங்கைக் குறைக்கச் சொல்வது அறமாகாது. நியாயவிலைக் கடை வரிசையைக் காணும்போது, அங்கே நிற்போரை எண்ணிப் பார்ப்பதோடு, நிற்க நாணி வீட்டிலிருப்போரையும் எண்ணிப் பார்ப்போமாக.