பள்ளியும் விழாவும்

பாடவேளையிற் பண்டிகை கொண்டாடுதல் தகுமோ என்னும் வினா ஆராயற்பாலது. விழா பிள்ளைகளின் உள்ளத்தை ஒன்றுபடுத்தும் என்பர் ஒரு சாரார். அது கல்விக்குரிய காலத்தைக் கவரும். பல சமயத்துப் பிள்ளைகளை வேறுபடுத்தும் என்பர் மற்றொரு சாரார்.

சிவகாசியைச் சூழ்ந்த நாட்டிற் பாடவேளை எளிதிற் கிட்டிய பொருளன்று. அங்கே 1923 ஆம் ஆண்டளவில் தீப்பெட்டித் தொழில் தோன்றியது. பட்டாசுத் தொழிலும் அதனை அடுத்து வளர்ந்தது. பிறர் மனையில் தீபாவளி ஒளிரும்பொருட்டு, அந்நாட்டுச் சிறுவர் பலர் நெடுங்காலம் தம் கல்வியை இழந்தனர். அவர் நிலை குறித்து எழுந்த வழக்கில், தீங்குறு தொழிலிற் சிறுவரை அமர்த்துவோர் சிறுவர் ஒருவர்க்கு 20,000 ரூபாய் செலுத்துக என உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. இத்துணை அருமையாகக் கிடைத்த வேளையை வீண் ஆரவாரத்திற் போக்குதல் அறமாகாது.

அங்ஙனமாயின் விழாவே கூடாதோ எனின், அற்றன்று. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையில் காமராசர் பயின்ற நாளில் விநாயகர் சதுர்த்தி கொண்டாடப்பட்டது. பிள்ளைகள் யாவரும் காசு கொடுத்தனர். பூசை முடிந்து பிரசாதம் வழங்குங்கால் மற்றையோர் முண்டியடித்து மிகுதியாகப் பெற்றனர். ஒதுங்கி நின்ற காமராசர்க்குச் சிறிதே கிட்டியது. வீட்டார் வினவியபொழுது, எல்லாரும் ஒப்பக் கொடுத்திருக்க, ஒப்பப் பகிராமையே குறை என்று அவர் உரைத்ததாக அவர் வரலாறு கூறுவோர் சொல்வர். அவர் குறை கண்டது விழாவிலன்று, பகிர்விலேயாம். அவரே முதலமைச்சராய் இருந்து 1956 இல் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவுத் திட்டத்தை விரிவுபெறச் செய்தார். அவர் பிறந்த சூலை 15 ஆம் நாளை இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன.

இனி, வழிபாடு என்பது அன்பின் வழியது, வற்புறுத்தலால் விளைவதன்று. அரசு ஏற்பும் உதவியும் பெற்ற பள்ளிகளிற் பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையை வழிபாட்டிற் புகுத்தலாகாது என, 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்பு விதிக்கின்றது. இது சமயத்திற்கு இழுக்கன்று. மனமின்றிக் குவிக்கும் கையை இறைவன் வேண்டுவானல்லன்.

ஆதலின், பள்ளியில் விழா நிகழலாம். அது சின்னேரம் நிகழ்வதாக. ஏழைப் பிள்ளையிடம் காசு கேளாததாக. விலகி நிற்கும் பிள்ளையை நாணச் செய்யாததாக. கடைசியில் நிற்பவனுக்கும் முதலில் நிற்பவனுக்கும் ஒரே அளவு கிடைப்பதாக. இவை அமைந்த விழா தானும் ஒரு பாடமே. இவை அமையாத விழா, கல்விக்குரிய பொழுதையும் கவர்ந்து, அன்பையும் கற்பியாது ஒழியும்.