முன்னே நடப்பவர்

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகள் அப்படியொன்றும் பெரிய உயரமில்லை. மிக உயர்ந்த ஸ்லைடு சிகரமே ஏறத்தாழ 1,270 மீட்டர்தான், உச்சிவரை மரங்கள். ஆனாலும் 3,500 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை ஏறி முடிப்பவர்களுக்கென்று அங்கே உள்ள சங்கம், நான்கு சிகரங்களைக் குளிர்காலத்திலும் ஏறச் சொல்கிறது. நல்ல விதி. இலையுதிர்ந்த பீச், மேப்பிள் கிளைகளுக்கிடையே கோடையில் மறைந்திருந்த மலைகளெல்லாம் அப்போதுதான் தெரியும்.

புதுப்பனியில் முதலில் நடப்பவருக்குத்தான் பாடு அதிகம். அகன்ற பனிக்காலணி போட்டும் கால் புதையும். ஒவ்வோர் அடியையும் தூக்கி, மிதித்து, அழுத்த வேண்டும். பின்னால் வருபவர்களுக்கு அதுவே பாதை. களைத்ததும் அவர் ஓரமாக ஒதுங்கி வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ள, அடுத்தவர் முன்னே வருகிறார். யாரும் யாரையும் கேட்பதில்லை.

வேர்க்க விறுவிறுக்க ஏறுவதும் ஆபத்து. நின்றதும் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே யாருக்கு மூச்சு வாங்குகிறதோ, அவருடைய வேகமே எல்லோருடைய வேகம். வேகமாக ஏறத் தெரிந்தவர் மெல்ல நடப்பதை நட்பின் அழகான வடிவம் என்றே சொல்வேன். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே பேசிவைக்க வேண்டும். அந்த நேரம் வந்துவிட்டால், உச்சி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் சேர்ந்தே திரும்ப வேண்டும்.