கோசாம்பியில் எஞ்சிய நீர்



இன்று உபோசத நாள். திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று அமர்ந்திருக்கும் உங்கள் முன்னே தியானத்தைப் பற்றியோ நிர்வாணத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. சங்கம் நடத்துவது எப்படி, நடத்தத் தெரியாமற் கெடுப்பது எப்படி என்பதையே பேச விரும்புகின்றேன். இஃது உலகியற் காரியமன்றோ, தர்மத்திற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கக்கூடும். அவ்வாறு நினைப்போர் வினய பிடகத்து மகாவக்கத்தின் பத்தாம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். பகவான் புத்தரே முன்னின்று எடுத்துரைத்தும் ஒரு சங்கம் சமாதானமடைய மறுத்த வரலாறு அங்கே இருக்கின்றது.

கோசாம்பி வத்ச நாட்டின் தலைநகர். இன்றைய உத்தரப் பிரதேசத்தில், யமுனைக் கரையில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. அங்கே கோஷிதர் என்னும் வணிகச் செல்வர் அமைத்துக் கொடுத்த கோஷிதாராமம் என்ற விகாரை இருந்தது. 1950-களில் அலகாபாத் பல்கலைக் கழகத்தார் அவ்விடத்தை அகழ்ந்தபோது அப்பெயர் பொறித்த முத்திரையும் கிடைத்தது. ஆகவே நான் சொல்லப் புகுவது இடமறியாத புராணமன்று.

அவ்விகாரையில் இரு தேரர்கள் இருந்தனர். ஒருவர் வினயத்தில் வல்லவர். மற்றவர் தர்மோபதேசத்தில் வல்லவர். ஒவ்வொருவருக்கும் ஐந்நூறு சீடர்கள் என்று அட்டகதை கூறும். ஒருநாள் உபதேசகர் கழிப்பிடம் சென்றவர், பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்துவிட்டு வந்தார். பின்னே சென்ற வினயதாரர் அதைக் கண்டு, நீரை வைத்தவர் தாங்களோ என்று வினவினார். ஆம் என்றார் இவர். அது குற்றமென்று அறியீரோ என்றார் அவர். அறியேன், குற்றமாயின் பரிகாரம் செய்துகொள்வேன் என்றார் இவர். அறியாது மறதியாற் செய்ததாயின் குற்றமில்லை என்று சொல்லி அவர் அகன்றார்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. இருவருமே பண்போடுதான் பேசினர். ஆனால் வினயதாரர் தம் சீடர்களிடம் சென்று, உபதேசகர் குற்றத்திற்குள்ளாகியும் அதை உணரவில்லை என்றார். அச்சீடர்கள் அந்தச் சீடர்களைக் கண்டபோது, உங்கள் ஆசாரியர் குற்றவாளி, அதுவும் அவருக்குத் தெரியாது என்றனர். இது உபதேசகரின் செவிக்கு எட்டியது. என்னிடம் குற்றமில்லை என்றவர் இப்பொழுது குற்றம் என்கின்றாரே, அவர் பொய்யர் என்றார் இவர். அச்சொல்லும் அப்படியே திரும்பிப் போயிற்று. பின்னர் வினயதாரர் சமயம் பார்த்துத் தம் கட்சியாரைக் கூட்டி, உபதேசகரைச் சங்கத்தினின்று ஒதுக்கி வைக்கும் தண்டனையை விதித்தார். விகாரை இரண்டுபட்டது, உணவளித்த இல்லறத்தாரும் இரண்டுபட்டனர்.

நீர் ஒரு கை அளவே இருந்திருக்கும். அதைக் கவிழ்க்க ஒரு கணம் போதும். ஆனால் நேரில் ஒரு சொல், மறைவில் வேறொரு சொல் என்றான பின், அந்த நீரைக் கவிழ்க்க யாராலும் இயலவில்லை. இருவரும் மீண்டும் ஒருமுறை எதிரெதிரே அமர்ந்து, தாங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா என்று கேட்டிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. சீடர்களே தூதராயினர், தூது போன ஒவ்வொரு சொல்லும் வழியிற் சிறிது பெருத்தது.

பகவான் முதலிற் சென்றது தண்டித்தவர்களிடம். நமக்குத் தோன்றிவிட்டது என்பதற்காகவே ஒருவரை ஒதுக்கலாகாது, அதனால் சங்கம் பிளவுபடுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு உணர்த்தினார். அதன்பின் ஒதுக்கப்பட்டவரின் பக்கத்தாரிடம் சென்றார். சங்கத்தின் நலத்தைக் கருதியேனும், பிறர்மேல் வைத்த நம்பிக்கையாலேனும், குற்றத்தை ஒப்புக்கொள்வது தகும் என்று அவர்களிடம் கூறினார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லி ஒரு கட்சியை அவர் வெற்றி பெறச் செய்யவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்களோ, தாங்கள் நிம்மதியாய் இருங்கள், இச்சச்சரவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஆசானுக்கே விடை கொடுத்தனர்! பகவான் தனியே புறப்பட்டார்.

சென்ற வழியில் ஒரு வனத்திலே அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் வாழ்வதைக் கண்டார். அங்கேயும் ஒரு நீர்ப்பாத்திரம் உண்டு! பிக்ஷையினின்று முதலில் திரும்புபவர் ஆசனமிட்டு நீர் எடுத்து வைப்பார். கடைசியில் வருபவர் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து இடத்தைப் பெருக்குவார். குடம் வெறுமையாயிருப்பதை யார் காண்கிறாரோ அவரே நிரப்புவார். தூக்க முடியாவிடில் கையசைத்து இன்னொருவரைத் துணைக்கு அழைப்பார். ஏன் நிரப்பவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. பேசாதிருந்தே காரியம் நடத்தினர் என்று மட்டும் இதைக் கொள்ளலாகாது. ஐந்து நாளைக்கொருமுறை இரவு முழுதும் மூவரும் ஒன்றாக அமர்ந்து தர்மம் பேசினர். யார் எதைச் செய்வது என்பதில் ஐயமில்லை. மனம் திறந்து பேசுவதற்கு நாளும் குறித்திருந்தது. கோசாம்பியில் நூற்றுக்கணக்கானவர் இருந்தும் இவ்விரண்டும் இல்லை.

சங்க காரியத்திற்கு வினயம் வகுத்த முறையும் இதுவே. செய்யவிருப்பதைச் சபையில் முதலில் அறிவிக்க வேண்டும். பெருங்காரியமாயின் தீர்மானத்தை மும்முறை ஓதவேண்டும். உடன்படுவோர் மௌனமாயிருக்கலாம், உடன்படாதவர் அங்கேயே பேசவேண்டும். திண்ணையிற் பேசுவதற்கு வினயத்தில் இடமில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், பாராளுமன்ற நடைமுறைகளைப் பிக்ஷு சங்கங்கள் அறிந்திருந்தன என்று பாபாசாகேப் அம்பேத்கர் எடுத்துக்காட்டியதை நாம் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். நம் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் அந்நடைமுறை இருக்கின்றதா?

நான் அறிந்த ஓர் ஊரில் வைசாகப் பூர்ணிமை அன்னதானத்திற்கென்று ஓர் உபாசகர் அரிசிக்குப் பணம் கொடுத்தார். வாங்கியவர் அரிசி வாங்கிப் போட்டுவிட்டார், பொருளாளரிடம் சொல்ல மறந்தார், இரசீதும் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டபோது அந்த உபாசகரின் பெயர் வரவில்லை. அவர் எழுந்து கேட்கவில்லை, வீட்டில் சொன்னார். வீட்டார் தெருவில் சொன்னார்கள். பொருளாளர் பணத்தை விழுங்கிவிட்டார் என்று தெரு அவரிடம் திரும்பி வந்து சொல்லிற்று. அவர் நேர்மையாளர், மனம் உடைந்து கணக்குப் புத்தகத்தை எறிந்துவிட்டுப் போனார். மறு ஆண்டு அவ்வூரில் இரண்டு வைசாக ஊர்வலங்கள் புறப்பட்டன. மதம் மாறினவர்கள் ஒன்றாயிருக்கக்கூட அறியார் என்று அயலார் சிரித்தனர். கணக்கு வாசித்த அன்று நானும் அச்சபையில் இருந்தேன். அந்த உபாசகரின் முகம் வாடியதைக் கண்டேன். என்ன ஐயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேரமாயிற்றென்று எழுந்து வந்துவிட்டேன். வினயதாரரும் உபதேசகரும் மட்டுமா குற்றவாளிகள்?

கோசாம்பியின் வழக்கைத் தீர்த்தவர் யார் என்பதைச் சொல்லி நிறுத்துகின்றேன். பகவான் நகரை விட்டகன்றது இப்பிக்ஷுக்களாலே என்று அவ்வூர் உபாசகர் உபாசிகைகள் அறிந்தனர். இரு கட்சியில் எதற்கும் இனி வணக்கமில்லை, எழுந்து மரியாதை செய்வதில்லை, பிக்ஷை இடுவதுமில்லை என்று ஒருமித்து முடிவு செய்தனர். பசி வந்தது, பிக்ஷுக்கள் சிராவஸ்திக்கு நடந்தனர். அங்கே, ஒதுக்கப்பட்டவரே தர்மத்தையும் வினயத்தையும் ஆராய்ந்து, என்னுடையது குற்றந்தான் என்று தம் பக்கத்தாரிடம் வாய்விட்டுச் சொன்னார். அவர்கள் அவரைப் பகவானிடம் அழைத்துச் சென்றனர். அவரை மீண்டும் சங்கத்திற் சேர்க்கும்படி பகவான் பணித்தார். அதன் பிறகு அவர்கள் தண்டித்த பிக்ஷுக்களிடம் தாங்களே சென்று செய்தியைத் தெரிவித்தனர். நோயுற்றவரும் விடுபடாமல் எல்லோரும் ஓரிடத்தில் கூடினர், அறிவிப்பு ஓதப்பட்டது, அன்றே உபோசதமும் நடந்தது.