கணக்கில் வராத பாம்பு

கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்பு போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஆகாது. ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிற்க வைத்து, பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருஷம் நர்ஸாக இருந்தேன். அந்த 20 நிமிடங்களில் வேண்டிக்கொண்ட அளவுக்கு எந்தக் கோயிலிலும் நான் வேண்டிக்கொண்டதில்லை.

இத்தனைக்கும் என் வீடு திருவேற்காட்டில். கருமாரியம்மன் கோயில் புற்றுக்கு ஆடி வெள்ளி தவறாமல் பாலும் முட்டையும் எடுத்துப் போனவர் என் மாமியார். பாம்பு பால் குடிக்காது, அதன் உடம்புக்குப் பால் ஒத்துவராது என்று நான் படித்ததைச் சொன்னால், "நான் பாம்புக்கா ஊத்தறேன், அம்மாவுக்கு ஊத்தறேன்" என்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. எங்கள் ஊருக்கு விடந்தீண்டாப்பதி என்றொரு பெயர் உண்டு. ஆதிசேஷன் இங்கே வேதபுரீசுவரரைக் கும்பிட்டதால் இந்த எல்லைக்குள் விஷம் யாரையும் தீண்டாது என்பது ஐதீகம். அதே ஊர்க்காரருக்கு நானே ஏஎஸ்வி ஏற்றியிருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். "எல்லைக்கு அந்தாண்ட கடிச்சிருக்கும்" என்றார் அத்தை, அரிசி புடைத்துக்கொண்டே.

ஏஎஸ்வி என்றால் பாம்பு விஷமுறிவு மருந்து. விஷத்தைத் துளித்துளியாகக் கூட்டிக் குதிரைக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். குப்பி மேல் ஒட்டிய சீட்டில் நான்கு பாம்புகளின் பெயர் இருக்கும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். 1 மில்லி மருந்து நல்ல பாம்பு விஷத்தில் 0.6 மில்லிகிராமையும் கட்டுவிரியன் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கும் என்று கணக்கும் போட்டிருக்கும்.

ஆவடி பஜாரில் அடகுக்கடை வைத்திருந்த சேட் ஒருவரின் மருமகனுக்கு இந்த மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, இது எதிலிருந்து வருகிறது என்று சேட் கேட்டார். சொன்னேன். முகம் வாடிவிட்டது. சமண வீட்டுக்காரர், இருட்டிய பிறகு சாப்பிடாதவர். "பாம்பையும் படுத்தி, குதிரையையும் படுத்தி... இது பாவம்தானே சிஸ்டர்?" என்றார். ஊசியைக் கழற்றச் சொல்லவில்லை. கேள்வியையும் விட்டுவிடவில்லை. பத்து நாள் கழித்து மைசூர்பாகு டப்பாவோடு வந்து பதிலை அவரே சொன்னார். துறவி எல்லா ஹிம்சையையும் விட வேண்டும்; இல்லறத்தான் கட்டாயம் விட வேண்டியது சங்கல்ப ஹிம்சையை, அதாவது துன்புறுத்த வேண்டும் என்றே நினைத்துச் செய்வதை. சமையல், தொழில், தற்காப்பு இவற்றில் நேர்வதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குறைக்க முடியாததைப் பிரதிக்கிரமணம் என்ற சடங்கில் ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். "குதிரையையும் பாம்பையும் என் கணக்கில் சேர்த்துக்கிட்டேன்" என்றார். நகைச்சீட்டு எழுதுகிறவர் பாவத்துக்கும் பேரேடு வைத்திருக்கிறார் என்று அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிக்க வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, ரைஸ்மில்லில் வேலை பார்க்கும் இருளர் ஒருவர் ஏழு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழாயைச் சாய்த்தேன், ஓடியது. பத்துக் குப்பி. "குழந்தைக்குப் பாதி போதாதா?" என்று புதிதாக வந்த பயிற்சி நர்ஸ் கேட்டாள். சின்னப் பிள்ளை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்தா விடுகிறது? ஆறடி ஆளுக்கும் ஏழு வயசுக்கும் ஒரே அளவுதான். பொடியில் தண்ணீர் விட்டால் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி உருட்டிக் கரைக்க வேண்டும். பத்தையும் கரைத்து முடிப்பதற்குள் ஒரு யுகம் போகும். நான் உருட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுல இன்னாம்மா கீது?" என்றார். நான்கு பெயரையும் சொன்னேன். "எங்க மாமன் வடநெம்மேலில இதான் புட்ச்சிக் குடுக்கறாரு" என்றார்.

எல்லோரிடமும் சொல்வதைப் போல அவரிடமும் சொல்லிவைத்தேன்: "பார்த்தியாப்பா, கடிச்சதும் அது, காப்பாத்தறதும் அது."

அவர் தலையாட்டவில்லை. "அது காப்பாத்தலம்மா. அது பாட்டுக்குப் பொந்துல கெடந்துச்சி. அது குடுக்கல, நாங்க எடுத்துக்கினோம். எடுத்துக்கினு திருப்பி வுட்ருவோம்."

காலையில் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் நின்றது. பிள்ளை பன் கேட்டது.

அந்தப் பதிலுக்காகவே ஒரு லீவு நாளில் வடநெம்மேலிக்குப் போனேன். பூந்தமல்லியிலிருந்து மூன்று பஸ் மாறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணைக்கு உள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பைப் பிடித்துக் கொடுத்த ஜனம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976இல் தோல் ஏற்றுமதியும் நின்றபோது அடுப்பு அணைந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் சங்கம் உருவானது. அதே சட்டத்தின் 12வது பிரிவு, உயிர்காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்க அனுமதி தருகிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசாங்கம் உச்சவரம்பு வைக்கிறது. உத்தரவு தாமதமானால் பிடிப்பதும் நின்றுவிடும். நாட்டில் தயாராகும் ஏஎஸ்விக்கான விஷத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாகப் போனது இங்கிருந்துதான்.

வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருந்தன. ஒருவர் விரியனைக் கொக்கியால் தூக்கி, தலைக்குப் பின்னால் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்க விட்டார். மஞ்சளாக இரண்டு சொட்டு. அவ்வளவுதான். வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை எடுத்த பிறகு, வயிற்றுச் செதிலில் சிறு துணுக்கை வெட்டி அடையாளம் வைத்துக் காட்டில் விடுகிறார்கள். செதில் வளரும்வரை அந்தப் பாம்பு யார் கையில் சிக்கினாலும், இதனிடம் எடுத்தாயிற்று என்று தெரியும், விட்டுவிடுவார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலிலேயே ஏழு படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுகிற ஜனம் இது. மீதி நாளெல்லாம் அவர்கள் செய்கிற பூஜை அந்தச் செதில் அடையாளம்தான் என்று எனக்குப் பட்டது.

பாம்புக்கு வலிக்காதா? வலிக்கும். பானைக்குள் ஒரு மாதம் அதற்கு விரதமா என்ன? அது ஹிம்சைதான், சேட் சொன்னதில் பிழையில்லை. ஆனால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் என்கிறது ஓர் ஆய்வு. வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர்களும் தரையில் படுக்கிறவர்களும்தான் அதில் அதிகம். அவர்களுக்காக எடுக்கப்படும் இரண்டு சொட்டில், எடுத்தவன் எடுத்ததாக ஒப்புக்கொள்கிறான், எண்ணி எடுக்கிறான், திருப்பி விடுகிறான். இதற்கு மேல் சுத்தமான கை யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வேலியில் இருந்த முதலைகளின் கதை அவ்வளவு நேராக இல்லை. முதலை அழிந்துபோகும் நிலையில் 1975இல் அரசுத் திட்டம் தொடங்கியது. சாத்தனூர், அமராவதி அணைப் பக்கங்களில் காட்டிலிருந்து முட்டை எடுத்துப் பொரிக்கவைத்தார்கள். மறுவருஷம் வடநெம்மேலிப் பண்ணையும் வந்தது. சதுப்பு முதலை பெருகோ பெருகென்று பெருகியது. விடுவதற்குத்தான் ஆறு குளம் இல்லை. கடைசியில், இனம் பெருக வேண்டும் என்று தொடங்கிய இடத்திலேயே முட்டைகளை அழிக்க வேண்டிவந்தது. பின்னாளில் சுமார் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி ஆனது. வளர்த்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூவம் ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு யார் மேல் கோபப்படுவது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளம் வடிந்த பிறகு, பக்கத்து மனை விலை போனது. அதில் ஆளுயரப் புற்று ஒன்று உண்டு. கோயிலுக்குப் போக முடியாத நாட்களில் அத்தை பால் ஊற்றியது அதற்குத்தான். வாங்கியவர் பக்தி உள்ளவர். பூசாரியை வரவழைத்து, மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, "தாயே, வேற எடத்துக்குப் போய்டு" என்று வேண்டிக்கொண்டார். புற்று மண் ஒரு பிடி எடுத்துக் கலசத்தில் வைத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. ஏழேகாலுக்குத் தரை சமமாகிவிட்டது.

ஒரு பாம்பைப் பிடிக்க இருளருக்கு வனத்துறை உத்தரவு, எண்ணிக்கை, முத்திரை எல்லாம் வேண்டும், வேண்டியதுதான். அயப்பாக்கத்திலிருந்து சென்னீர்குப்பம் வரை புற்றோடும் பொந்தோடும் சமமான மனைகளுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அந்த மண்ணுக்குள் கிடந்ததைத் தொட்டு அழித்தோம் என்று நாங்கள் யாரும் நினைக்கக்கூட இல்லை. தொட்டது இயந்திரம்தானே.

மனை வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பூசாரிக்குச் சொல்லி அனுப்பும் அன்றைக்கே வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ ஒரு போன் போடுங்கள். பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் வந்து பார்க்கட்டும். மூன்று நாள் தள்ளிப்போட்டால் அஸ்திவாரம் ஒன்றும் ஓடிவிடாது.