கொல்லையும் கொல்லாமையும்

 

அருகன் திருவடிகளை நெஞ்சில் இருத்தி, இவ்விதழில் ஓர் இல்லறச் சிக்கலைச் சிந்திப்போம். ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டின் கொல்லை காடாகிவிட்டது. அதனை என் செய்வது? இது சிறிய வினாவாகத் தோன்றும். ஆயின் நாம் ஏற்ற அணுவிரதம் அடுக்களை வாயிலோடு நின்றுவிடுகிறதா, கொல்லை வரை செல்கிறதா என்பதை இவ்வினாவே காட்டிவிடும்.

பிள்ளைகள் வேலை நிமித்தம் நகரங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றபின், முதியோர் காலத்தோடு ஊர்வீடுகள் பூட்டப்படுகின்றன. நாம் வாழும் புதுக்கோட்டை மாவட்டத்தில், 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜாப் புயலில் தென்னையும் பலாவும் சாய்ந்தபின் கவனிப்பாரின்றி விடப்பட்ட தோட்டங்களும் உண்டு. இத்தகைய கொல்லையில் முதல் மழைக்குத் தும்பையும் குப்பைமேனியும் நாயுருவியும் முளைக்கின்றன. அடுத்துக் கோவையும் வேலிப்பருத்தியும் மதிலேறுகின்றன. பறவைகள் எச்சத்தோடு இட்ட விதையால் வேம்பும் நுணாவும் எழுகின்றன. சுவர் வெடிப்பில் அரசங்கன்று தலைநீட்டுகிறது. நிழல் வந்ததும் உயிர்கள் வருகின்றன. ஓரறிவுடைய செடிகொடிகள், ஈரறிவுடைய மண்புழு, மூவறிவுடைய எறும்பு, நாலறிவுடைய தேனீ, ஐயறிவுடைய தவிட்டுக்குருவி, செம்போத்து, கீரி, சாரை என நம் ஆகமம் வகுத்த ஜீவராசிகள் அனைத்தும் அங்கே குடியமர்கின்றன. வெற்று மனை என்று நாம் கருதியது உயிர்கள் நிறைந்த சிற்றூராகிவிடுகிறது.

இந்நிலையில் இருவகைக் கருத்துகள் எழுகின்றன. “ஒன்றையும் தொடாதிருப்பதே அகிம்சை; அப்படியே விட்டுவிடுவோம்” என்பர் ஒரு சாரார். “பாம்பு வந்துவிடும், கொளுத்திச் சுத்தம் செய்வோம்” என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதே நாம் இங்குக் கூற விரும்புவது. அவ்வேர் பிரமாதம், அஃதாவது விழிப்பின்மை. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமிகள், விழிப்பற்ற மனமொழிமெய்களால் உயிர்ப்பிராணனைப் பிரித்தலையே இம்சை என வரையறுத்தார். கையிற் கத்தி உள்ளதா என்பதற்கு முன், நெஞ்சில் விழிப்பு உள்ளதா என்பதே அவர் கேட்கும் கேள்வி.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். எங்கள் தெருவில் பல்லாண்டு பூட்டிக் கிடந்த வீடொன்றின் உரிமையாளர், அந்தி சாய்ந்தபின் உண்ணாதவர். கிழங்கு வகை தீண்டாதவர். நீரை வடிகட்டியே பருகுபவர். வெளியூரிலிருந்து தொலைபேசியில் ஒரே சொல் சொன்னார்: “எல்லாவற்றையும் கொளுத்திவிடுங்கள்.” நண்பகலுக்குள் கொல்லை சாம்பலாயிற்று. கீரி ஓடித் தப்பியது. கூட்டிலிருந்த குஞ்சுகளுக்கு ஓட வழியேது? அவர் தீய எண்ணம் உடையவரல்லர். அங்கே என்ன வாழ்கிறதென்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் அறநூல்களின் துணிபு. தொலைவிலிருந்து சொல்லும் சொல்லும் செய்வித்தலே அன்றோ? பயனின்றி நிலம் தோண்டல், தீ மூட்டல், பயிர் அறுத்தல் ஆகியவற்றை அநர்த்த தண்டத்தின்பாற்பட்ட பிரமாத சரியை என்று இரத்தின கரண்டக சிராவகாசாரம் விலக்குகிறது.

அப்படியாயின் விட்டுவிடுவதே நன்றோ எனின், அதுவும் அன்று. ஆசிரியப் பயிற்சி பெற வந்த மாணவியர்க்கு நாம் கூறி வந்த ஒன்று இங்கு உதவும். மாணவர் தாமே செய்து கற்கட்டும் என்று விலகி நின்று நோக்கும் ஆசிரியரும், நாற்காலியில் கண்ணயர்ந்த ஆசிரியரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே வாய்மூடியிருப்பர். ஆயினும் முதல் வகுப்பில் கல்வி நிகழ்கிறது; இரண்டாவதில் கூச்சலே நிகழ்கிறது.

ஜப்பானிய இயற்கை வேளாண் அறிஞர் மசானோபு ஃபுகோகா (1913–2008) வாழ்விலும் இப்பாடம் உண்டு. தந்தையாரின் நாரத்தை இனப் பழத்தோட்டத்தை, இயற்கையே காக்கும் என்றெண்ணிக் கவாத்து செய்யாது விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சிகள் பெருகின, மரங்கள் பட்டன. மனிதன் ஒருமுறை கைவைத்த மரத்தைத் திடீரெனக் கைவிடுதல் இயற்கை வழியாகாது என அவர் பின்னர் எழுதினார். 1988இல் மகசேசே விருது பெற்ற அவர்தம் வேளாண்மை அத்தெளிவின்மேல் எழுந்ததாகும்.

நம் மண்ணிலும் இதுவே நடக்கிறது. கைவிட்ட நிலத்தில் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் புகுந்து பிறவற்றை நெருக்கிவிடுகின்றன. ஆனால் இதே மாவட்டத்து ஐயனார் கோயிற்காடுகளைக் காணுங்கள். வீரையும் காயாவும் அங்கே நிற்பது எவரும் மறந்துவிட்டதனால் அன்று. அரிவாள் வைப்பதில்லை என்று ஊர் நோன்புபோல் காத்து வந்ததனால். காட்டை வளர்த்தது அக்கட்டுப்பாடே.

பாகுபலி சுவாமிகளை நினைமின். ஓராண்டு யோகத்தில் நின்ற அப்பெருமான் திருமேனியில் மாதவிக்கொடி படர்ந்தது, அடியில் புற்றெழுந்தது. உடலை இயற்கைக்கு விட்டார் என்பது உண்மையே. ஆயின் உள்ளே இருந்தது உறக்கமன்று, பேரறிவை நோக்கிய முழுவிழிப்பு. கழுகுமலைப் பாறைச் சிற்பத்தில் அவர் இருமருங்கும் நிற்கும் மகளிரைச் சகோதரியரான பிராமி, சுந்தரி என்பர். அவர்கள் அருகே தீயும் இல்லை, கோடரியும் இல்லை.

இல்லறத்தார்க்குரிய அளவு யாது? சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தை நோக்குவோம். சமவசரணத்துக் காதிகா பூமி என்று அறிஞர் கூறும் தாமரைத் தடாகத்தில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் உள்ளன. மலர் கொய்வோரும் உளர். அவர்கள் கையில் சில மலர்களே. தடாகம் நிறைந்தே இருக்கிறது. வேண்டிய அளவு கொண்டு, எஞ்சியதை வாழவிடுதல் என்னும் பாடத்தை நாம் அவ்வோவியத்தில் காண்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன், பழையதைக் கைவிடவுமில்லை, அழித்து எறியவுமில்லை.

ஆகவே கொல்லைக்கு வருவோம். முதலில் ஒரு காலைப்பொழுது அமர்ந்து பாருங்கள். கூடு எங்கே, வளை எங்கே என அறியுங்கள். முனிவர் ஓரிடத்தே தங்கும் சாதுர்மாசத்திலும், நம் பகுதியில் தொடரும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வெட்டாதீர்கள். ஈரமண்ணில் உயிர் மிகுதி. மாசி, பங்குனியில், வீட்டுச் சுவரோரம் தொடங்கிப் பின்வேலியை நோக்கிச் சிறிது சிறிதாகச் செல்லுங்கள். உயிர்கள் விலக வழி கிடைக்கும். முட்டையுள்ள புதரைக் குஞ்சு பறக்கும் வரை விடுங்கள். தீயும் களைக்கொல்லியும் வேண்டா. வெட்டிய தழையை மூலையில் மட்கவிடுங்கள். கொட்டாங்கச்சியையும் உடைந்த பானையையும் கவிழ்த்து வையுங்கள். கொசு பிறவாதிருந்தால் கொல்லவும் நேராது. சீமைக்கருவேலம் கன்றாயிருக்கும்போதே அகற்றினால் பின்னர்ப் பெருவெட்டு வேண்டியதில்லை. சுவரில் முளைத்த அரசை வேரோடு எடுத்து ஏரிக்கரையில் நடலாம். வீட்டையொட்டிய பகுதியைத் திறந்த வெளியாக்கி, பின்பகுதியில் ‘ஓராண்டு இங்கே கத்தி வையோம்’ எனக் குடும்பத்தோடு நோன்பேற்கலாம்.

ஆண்டுக்கொரு முறையும் வர இயலாது என்போர் இன்னொரு விரதத்தையும் எண்ணுக. காணாத, காக்காத நிலத்தை நமதென்று வைத்திருத்தல் பரிக்கிரகம் அன்றோ? பேணத்தக்க அயலார்க்குப் பயிரிடக் கொடுங்கள். ஜினாலயம் அருகிருந்தால் பூசைக்குரிய நந்தவனமாக வழங்குங்கள். பெற்றோர் நட்ட மரம் வேறொருவர் கையால் நீர் பெற்றால் அவர்க்கு அதனினும் சிறந்த நினைவுக்கடன் வேறில்லை.

இவ்விதழைப் படித்து முடித்தபின், ஊர்வீட்டின் சாவி யாரிடம் உள்ளது என்று குடும்பத்தாரைக் கேளுங்கள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று கொல்லைக் கதவைத் திறவுங்கள். கையில் கத்தியின்றி முதலில் உள்ளே செல்லுங்கள்.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!